நவமணியின் நாக்கு

மோதிர விரலை ஆற்றில் முக்கி, நுனி நாக்கில் வைத்து, கண்ணை மூடி ஐந்து வரை எண்ணிவிட்டு இடப்பக்கமாகத் துப்புகிறாள் நவமணி. அதற்குப் பிறகுதான் ரப்பர் காலணியை மாட்டுவது, தலையில் துண்டைக் கட்டுவது, பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் தேநீர் குடிப்பது எல்லாம். இருபத்திரண்டு வருடமாக இந்த வரிசை மாறியதில்லை. வலப்பக்கம் துப்பவே மாட்டாள், அங்கே மீன் இருக்கிறது. "அதுங்க சாப்புடற எடத்துல துப்பலாமா?" என்று கேட்பாள்.

அவள் நிற்பது மலேசியாவின் மெர்போக் ஆற்றின் நடுவில், செமெலிங் படகுத்துறையிலிருந்து சம்பான் படகில் பத்து நிமிடத் தொலைவில். நீலப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதன் ஓரமாகப் பன்னிரண்டு வலைக் கூண்டுகள் தண்ணீருக்குள் தொங்குகின்றன. எல்லாவற்றிலும் கெராப்பு மீன். தமிழ்நாட்டில் இதைக் களவா என்பார்கள் என்று யாரோ சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "களவாணி மாரி இருக்குலா பேரு! ஆனா பொருத்தம்தான், மூஞ்சியப் பாரு."

கூண்டுகளின் சீன முதலாளி தியோ. எல்லோருக்கும் தவுக்கே, அதாவது முதலாளி. அறுபது வயது, சிடுமூஞ்சி, ஆனால் வாக்கு மாறாதவர். காலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் கூப்பிடுவார். நலம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் இல்லை. "மணி, மாசினா தாவாரா?" என்பார். இவள் ஒரு சொல் சொல்வாள், அவர் வைத்துவிடுவார். இரண்டும் மலாய்ச் சொற்கள். மாசின் என்றால் உப்பு. தாவார் என்றால் உப்பில்லாதது. சப்பென்று இருக்கிற குழம்பும் தாவார்தான், குழாயில் வரும் நல்ல தண்ணீரும் தாவார்தான். மனிதருக்கு நல்ல தண்ணீராக இருப்பது கெராப்புக்கு எமன்.

ஏனென்றால் மெர்போக்குக்கு ஆறு என்று பெயரே தவிர, பாதி கடல். நீரேற்றத்தில் கடல் உள்ளே வரும். மழை பிடித்துக்கொண்டால் ஜெராய் மலைத் தண்ணீர் இறங்கி வரும். மழைத்தண்ணீர் லேசு, மேலே மிதக்கும். உப்புத்தண்ணீர் கனம், அடியில் தங்கும். அந்த நேரம் பார்த்துக் கூண்டுக் கயிறுகளை நெகிழ்த்தி, கல்மூட்டை கட்டிய வலையை ஆழத்துக்கு இறக்கினால் மீன்கள் அடியில் போய்ப் பிழைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் மறுநாள் பன்னிரண்டு கூண்டிலும் வெள்ளை வயிறுதான். எப்போதும் இறக்கியே வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதுவும் ஆகாது. நீர் வற்றும்போது வலை சேற்றில் போய் உட்கார்ந்துவிடும், சேறு கிளம்பி மீனுக்கு மூச்சு முட்டும். ஆகவே இறக்க வேண்டிய நாளில் இறக்க வேண்டும், மற்ற நாளில் சும்மா இருக்க வேண்டும். எந்த நாள் எது என்று சொல்வதுதான் நவமணியின் வேலை.

உப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல எந்த நாக்கும் போதும். நேற்றைவிட இன்று எவ்வளவு இறங்கியிருக்கிறது, நாளைவரை தாங்குமா என்று சொல்லத்தான் இவள் வேண்டும். தவுக்கே ஒருமுறை உப்பு அளக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். கண்ணில் வைத்துப் பார்க்கிற குழாய். அது சொல்வதற்கு முன்னால் இவள் சொன்னாள், இரண்டும் ஒன்றாக இருந்தன. "இதுக்கா காசக் கொட்டுனீங்க தவுக்கே?" என்று அன்று முழுக்கக் கேலி செய்தாள். நாலு வருடம் முன்பு அந்தக் குழாய் கை தவறி ஆற்றில் விழுந்தது. தவுக்கே வேறு வாங்கவில்லை. "மணி நாக்கு தண்ணியில விழாது" என்று சொல்லிவிட்டார்.

இத்தனை பெயர் வாங்கியவள் நிம்மதியாக இருக்கிறாளா என்றால், அந்தப் பாக்கியம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். மோட்டார் சைக்கிளைக் கிளப்பித் தெருமுனைவரை போய், எரிவாயுவை மூடினோமா என்று திரும்பி வருவாள். "எதுக்கும் ஒருக்கா பாத்துருவோம்" என்பது அவள் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை வரும். மெர்போக் ஊரில் அவள் வீட்டு வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். காலையில் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் மலையைத்தான் பார்ப்பாள். உச்சியில் மேகம் இறங்கியிருந்தால், "முக்காடு போட்டுக்கிட்டா மகராசி, இன்னிக்கு எனக்குச் சோறு எறங்காது" என்று முணுமுணுப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வானிலை அறிக்கையே தேவையில்லை.

கணவர் போய் ஆறு வருடமாகிறது. மகன் ஜொகூரில் வேலை செய்கிறான். மருமகள் ரூபினி சுங்கை பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறாள், இவளோடுதான் இருக்கிறாள். நவமணி பிறந்தது ரப்பர் தோட்டத்தில். முப்பது வயதுவரை மீன் என்றால் சந்தையில் வாங்கும் மத்திதான். தோட்டம் கைமாறி வேலை போனபோது, தீனி போட ஆள் வேண்டுமென்று யாரோ சொல்ல இங்கே வந்தாள். நீச்சல் இன்றுவரை தெரியாது.

கூண்டைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கெராப்பின் கதையை அவள் சொல்வாள், ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கதை போல. "இதுக்குச் சொந்த வீடு கடல்ல இருக்கற பவளப்பாறை. முட்ட வுடறது அங்கதான். ஆனா முட்ட அங்க தங்காது, மெதந்து போயிரும். குஞ்சு அரிசியளவு இருக்கறப்பவே அலையோட அலையா அடிச்சிக்கிட்டு வந்து நம்ம ஆத்துல, பாக்காவு மரத்து வேருக்குள்ள பூந்துக்கும். அங்க ஒளிஞ்சி தின்னு வளந்து, கையளவு ஆனதும் மறுபடி பாறைக்கே நடையக் கட்டிரும். வழி யாரு சொல்லிக் குடுத்தா? தெரியாது." அலையாத்தி மரங்களைத்தான் பாக்காவு என்கிறாள். அந்த வேர்களுக்கிடையே கம்பிப் பொறி வைத்துக் குஞ்சு பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிடித்த குஞ்சும் பொரிப்பகத்துக் குஞ்சும் கலந்துதான் கூண்டுக்கு வருகின்றன. பாதி வளர்ந்ததை மறித்து, பாறைக்குப் போக விடாமல் வளர்ப்பதுதானே இந்தத் தொழில் என்று ஒருவர் கேட்டுவிட்டார். நவமணிக்கு முகம் வாடிவிட்டது. அன்று எல்லாக் கூண்டுக்கும் ஒரு கைப்பிடி தீனி அதிகமாகப் போட்டாள்.

பவளப்பாறையை அவள் பார்த்ததில்லை. தெரிந்ததெல்லாம் ஹம்சா பாச்சிக் சொன்னதுதான். தஞ்சோங் டாவாயில் கைத்தூண்டில் போடும் மலாய்க் கிழவர் அவர், பாச்சிக் என்றால் மாமா. பாயார் தீவைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை, ஆகவே அதற்கு வெளியே தள்ளியிருக்கும் பாறைகளுக்குப் போவார். கெராப்பு தன் பொந்தைவிட்டு நகராது, இரை வாசலுக்கு வந்தால் ஒரே விழுங்கு, மறுகணம் உள்ளே போய்விடும். அந்த ஒரு நொடிக்குள் இழுக்காவிட்டால் தூண்டில் நரம்பு பாறையில் உரசி அறுந்துபோகும் என்பார். ஏழு வருடம் முன்பு பெரிய கெராப்பு ஒன்றை உயிரோடு கொண்டுவந்தார். ஆழத்திலிருந்து சட்டென்று ஏறியதால் வயிறு ஊதியிருந்தது, ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டிருந்தார். பிழைக்காது என்றார் தவுக்கே. நவமணி இரண்டு நாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிழைத்துக்கொண்டது. இன்று கடைசிக் கூண்டில் தனியாகக் குடியிருக்கிறது. பெயர் பெரியம்மா.

மீன்வளத் துறையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த அளவுக்கு இது ஆணாகத்தான் இருக்கும் என்றார். கெராப்பு முதலில் பெண்ணாகவே வளரும், முட்டையிடும், வயதான பிறகு ஆணாக மாறும் என்று விளக்கினார். நவமணி பெரியம்மாவுக்கு ஒரு மத்தியைப் போட்டாள். "அதுக்கு என்னா இப்ப? ஏழு வருசம் பெரியம்மான்னு கூப்ட்டுட்டு இப்பப் போயி பெரியப்பான்னா அதுக்கு மனசு கஷ்டமா இருக்காது?" என்றாள்.

போன ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. எழுந்தபோது மூக்கும் அடைத்திருந்தது, நாக்கும் மரத்திருந்தது. இரண்டு வாரத்தில் மூக்கு திறந்துகொண்டது. காரம் தெரிந்தது, புளிப்பு கொஞ்சம் தெரிந்தது. உப்பு மட்டும் வரவில்லை. கிளினிக்கில் கேட்டாள். வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். ஆற்றில் விரலை முக்கி நாக்கில் வைத்த முதல் காலை, நம்பாமல் இரண்டாவது தடவையும் முக்கிப் பார்த்தாள். தாவார். மறுநாளும் தாவார். வெயில் கொளுத்தி, கடல் ஆற்றுக்குள் முழுசாக ஏறியிருந்த நாளிலும் தாவார். அந்தப் பயங்கரமான சொல்லைத்தான் அவள் நாக்கு நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ஆவணி முழுக்க வெயிலாக இருந்ததால் தப்பித்தாள், தவுக்கேயிடம் "மாசின்" என்றே சொல்லி வந்தாள்.

வீட்டில் சமாளித்தாள். புரட்டாசி பிறந்ததும், சனிக்கிழமை மட்டுமல்ல, மாதம் முழுக்க விரதம் என்று அறிவித்தாள். படையல் சமையலை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது ஊரறிந்த வழக்கம். "எனக்கு விரதம்லா, உப்பு நீயே பாத்துக்கோ" என்று கரண்டியை ரூபினியிடம் கொடுத்துவிட்டாள். பக்தி திடீரென்று இப்படிப் பெருகியதைப் பார்த்து ரூபினிக்குச் சந்தேகம். ஒருநாள் ரசத்தில் தெரியாமல் இரண்டு தடவை உப்பு விழுந்துவிட்டது. ரூபினி ஒரு வாய் வைத்துத் துப்பினாள். மாமியார் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள்.

"எப்பலேருந்து அத்தை?" என்று மட்டும் கேட்டாள் ரூபினி.

நவமணி கிண்ணத்தைக் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுதுவிட்டாள், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"தவுக்கேகிட்ட சொல்லிருங்க அத்தை. அவுரு ஒங்கள என்னா செஞ்சிருவாரு?"

"என்னா செய்வாரு? ஒண்ணும் செய்ய மாட்டாரு. தீனி போட யாரு வேணா போடலாம்மா. வல கழுவ யாரு வேணா கழுவலாம். நான் அங்க நிக்கறது நாக்குக்குத்தான். நாக்கு இல்லன்னா நான் யாரு அங்க?"

 ரூபினி கைப்பேசியை எடுத்து உப்பு அளக்கும் குழாய் ஒன்றைத் தேடி ஆர்டர் செய்தாள். கொரியரில் வர ஒரு மாதம் என்று காட்டியது. அதுவரை என்ன செய்வது? ஒருநாள் காலைத் தண்ணீரை மினரல் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்து நவமணி மருமகளிடம் நீட்டினாள். ரூபினி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உப்பாதான் இருக்கு" என்றாள். ஆனால் காலை ஏழு மணித் தண்ணீரின் சேதியை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்து என்ன பயன்? அதற்குள் கடல் ஒரு தடவை ஏறி இறங்கிவிடுகிறது. கூண்டில் வேலை செய்யும் லோகேஸ்வரனிடம் கேட்கலாம். கேட்டால் மத்தியானத்துக்குள் செமெலிங் முழுக்கத் தெரிந்துவிடும்.

கடைசியில் பெரியம்மாதான் கைகொடுத்தது. நவமணி ஒரு மத்தியை வாலைப் பிடித்து நீர்ப்பரப்பில் ஆட்டினால் அது அடியிலிருந்து எழும்பி வந்து கவ்வும். மேல் தண்ணீர் தாவாராகியிருந்தால் வராது, பாதி தூரம் வந்து திரும்பிவிடும். இதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறாள், ஆனால் நாக்கு இருந்தபோது இது தேவைப்படவில்லை. இப்போது காலையில் விரல் முக்குவதும் ஐந்து வரை எண்ணுவதும் மற்றவர்கள் பார்ப்பதற்கு. பிறகு நைசாகக் கடைசிக் கூண்டுக்குப் போய் மத்தியை ஆட்டுவாள். பெரியம்மா வந்தால் தவுக்கேயிடம் "மாசின்" என்பாள். இப்படி மூன்று வாரம் ஓட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவை அந்தச் சொல்லைச் சொன்ன பிறகும் மறுபடி கடைசிக் கூண்டுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். சொன்னது ஒருநாள் தப்பாகிவிட்டால் நாலாயிரம் மீன். பதினாலு மாதம் வளர்த்தவை, தீபாவளிக்குள் பினாங்குக்குப் போக வேண்டியவை. அதைவிட, தன்னை நம்பி வாய் திறந்து தின்றவை. இரவில் கண்ணை மூடினால் வெள்ளை வயிறுகள் வந்து நின்றன.

புரட்டாசிக் கடைசி வாரம் மலை இரண்டு நாள் முக்காட்டை எடுக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிடித்த மழை புதன் விடியும்வரை விடவில்லை. கொரியர் இன்னும் ஈப்போவில் இருப்பதாகக் கைப்பேசி சொன்னது. நவமணி வீட்டைப் பூட்டி ஒரே தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். இதைக் கவனித்த ரூபினிக்குத்தான் பயம் அதிகமாயிற்று.

சம்பானில் போகும்போதே ஆற்றின் நிறம் மாறியிருப்பது தெரிந்தது. தே தாரே என்கிற பால் தேநீரின் நிறத்தில் இருந்தது, குச்சியும் இலையும் மிதந்து வந்தன. ஆனால் நிறத்தை நம்ப முடியாது. கலங்கிய தண்ணீரும் சில நாள் உப்பாக இருந்ததுண்டு. கூண்டில் ஏறி விரலை முக்கினாள், எண்ணினாள், துப்பினாள். தாவார். அது எப்போதும் சொல்வதுதான். மத்தியை எடுத்துக்கொண்டு கடைசிக் கூண்டுக்கு ஓடினாள். ஆட்டினாள். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பெரியம்மா வரவில்லை. தண்ணீர் தாவார் என்பதால் வரவில்லையா? கலங்கலில் மத்தியைப் பார்க்கவில்லையா? இல்லை, நேற்று மழைக்கு முன் லோகேஸ்வரன் வயிறு முட்டத் தீனி போட்டானே, பசியே இல்லையா? மூன்று மத்தி மாற்றி ஆட்டினாள். மூன்றாவது கைநழுவி விழுந்து அப்படியே மூழ்கிப்போனது.

ஏழு மணிக்குக் கைப்பேசி அடிக்கவில்லை. அதற்குப் பதில் தவுக்கேயே வேறொரு சம்பானில் வந்துகொண்டிருந்தார், மஞ்சள் மழைக்கோட்டுடன். பத்து மணிக்கு நீர் வற்றத் தொடங்கும், மேல் தண்ணீரில் மிச்சமிருக்கும் உப்பும் அப்போது வெளியே போய்விடும். இறக்குவதானால் இப்போதே இறக்க வேண்டும். தேவையில்லாமல் இறக்கினால் இத்தனை சேறு வந்திருக்கும் நாளில் மீன்கள் அடியில் மூச்சுத் திணறும். லோகேஸ்வரன் முதல் கூண்டின் கயிற்றுப் பக்கம் நின்று, "அக்கா, எறக்கவா?" என்றான். அவள் கேட்காதது போலத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

தவுக்கே பலகையில் ஏறியதும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "மணி, மாசினா தாவாரா?"

எது சொன்னாலும் அவர் நம்புவார். அதுதான் அவளை உலுக்கியது. நாக்கைப் பார்த்தல்ல, இருபத்திரண்டு வருடத்தைப் பார்த்து நம்புவார். வாய்க்கு வந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சாமியை வேண்டிக்கொள்ளலாம். அப்படித்தான் மூன்று வாரம் செய்தாள், அப்போதாவது பெரியம்மா துணையிருந்தது. இப்போது யாரும் இல்லை.

நவமணி குனிந்து பிளாஸ்க் மூடியை ஆற்றில் முக்கினாள். நிறைய மொண்டு, இரண்டு கையாலும் தவுக்கேயிடம் நீட்டினாள்.

"லிடா சாயா சுடா தாவார், தவுக்கே" என்றாள். என் நாக்கே தாவாராகிவிட்டது. "ஆடியிலேருந்து. நீங்க பாருங்க."

லோகேஸ்வரன் வாயைப் பிளந்தான். தவுக்கே அவளையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இந்த ஆற்றுத் தண்ணீரை அவர் வாயில் வைத்ததே கிடையாது. மழைக்கோட்டின் தொப்பியைத் தள்ளிவிட்டு மூடியை வாங்கினார்.  நவமணி பக்கத்துக் கூண்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தாள். முதல் கவளம் வாயில் போகும்போது சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்து உப்பு சரியா என்று தெரிந்துகொண்ட எத்தனையோ வருடப் பழக்கம் அவளுக்கு இருந்தது. கணவர் முகம், மகன் முகம், ரூபினி முகம். அன்று ஒரு வாய் போத்தல் தண்ணீருக்கு ரூபினியின் மூக்கும் புருவமும் எப்படிச் சுருங்கின என்பது கண்முன் நின்றது.

தவுக்கே ஒரு மடக்கு குடித்தார். முகம் சுளிக்கவில்லை. வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பவர் போல விழுங்கிவிட்டு, மூடியில் மிச்சமிருந்ததைப் பார்த்தார்.

அவர் வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்வதற்குள், நவமணி முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தாள்.